இரவல் வாங்கிய நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்தவர்களில் பாப்டிஸ்ட் என்ற பிரிவின் ஒரு சபையிலோ, பல சபைகள் சேர்ந்த சங்கத்திலோ ஒரு தலைவர், ஒரு செயலர் பதவிக்காலம் முடிந்து இறங்கும் நாளில் சால்வை போடுவார்கள். ஜெபம் பண்ணுவார்கள். மதியம் பிரியாணி இருக்கும். திங்கட்கிழமை காலை, போதகருடைய சம்பளத்தை அனுப்பப் புதிய பொருளாளர் உட்காருவார். ஓடிபி பழைய பொருளாளரின் கைபேசிக்குப் போகும். அவரோ பேரப்பிள்ளையைப் பார்க்க பெங்களூருக்கு ரயில் ஏறியிருப்பார்.

சால்வையோடு முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்த பதவி, அந்தக் கைபேசிக்குள் இன்னும் முடியாமல் கிடக்கிறது. இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பிஷப் உள்ள திருச்சபையில் ஒருவர் இறங்கினால் மேலே பேராயம் இருக்கிறது, அதன் அலுவலகம் இருக்கிறது. பாப்டிஸ்ட்டுகளுக்கு அப்படி மேலே யாரும் இல்லை. 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்த மரபு தொடங்கிய நாளிலிருந்து, விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர் கூடும் சபைக்கூட்டமே கடைசி வார்த்தை. தலைவர், செயலர், சபை ஊழியத்தில் உதவுகிற டீக்கன் எல்லாரும் அந்தக் கூட்டத்திடம் அதிகாரத்தை இரவல் வாங்கியவர்கள். இரவல் பொருளை வாங்கிய வீட்டில்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? அடுத்து வருகிறவரின் கையில் தனியாகத் திணித்துவிட்டுப் போனால், கொடுத்தது எது, கொடுக்காதது எது என்று கூட்டத்துக்குத் தெரியாமலே போய்விடும்.

இதற்கு வங்காளத்தில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1792 அக்டோபர் 2 அன்று இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில், ஒரு விதவையின் வீட்டில் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் தொடங்கியது. அன்று சேர்ந்த வாக்குறுதித் தொகை 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தச் சீட்டுகளைப் போட்டு வைத்தது ஒரு மூக்குப்பொடி டப்பாவில் என்று சொல்வார்கள். ஆண்ட்ரூ ஃபுல்லர் செயலர் ஆனார். மிஷனரியாக இந்தியாவுக்குப் போகும் வில்லியம் கேரி சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் மாதிரி, ஊரில் இருக்கும் நாங்கள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம் என்பதுதான் ஏற்பாடு. ஃபுல்லர் 23 ஆண்டுகள் பிடித்தார். கெட்டரிங் சபைக்குப் போதகராகவும் இருந்துகொண்டே கடிதம் எழுதினார், கணக்குப் பார்த்தார், பணம் திரட்ட ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஐந்து முறை போனார்.

அந்தப் பக்கம் கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் சம்பாதித்ததை எல்லாம் பொதுப் பணமாகப் போட்டு வாழ்ந்தார்கள். நம் தரங்கம்பாடி எந்த டேனிஷ் அரசின் கீழ் இருந்ததோ, அதே அரசின் ஊர்தான் செராம்பூர். கேரி கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வாங்கிய சம்பளம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளிகளின் வருமானம், அச்சகத்தின் வருமானம் எல்லாம் அதில் போயின. அந்தப் பணத்தில் நிலமும் கட்டடமும் வந்தன. அவை யாருடையவை? இங்கிலாந்தில் இருந்த சங்கக் குழுவுக்கு அவற்றில் எவ்வளவு சொல் உண்டு? ஃபுல்லருக்கும் கேரிக்கும் அதில் குழப்பம் இல்லை, பழைய நண்பர்கள். ஆனால் அந்தத் தெளிவு இருவர் மனதில் இருந்த அளவுக்குக் காகிதத்தில் இல்லை.

1815 மே மாதம் ஃபுல்லர் இறந்தார். அவருக்குப் பதவிக்காலம் என்று ஒன்று கிடையாது. சாவுதான் முடித்து வைத்தது. பிறகு குழுவுக்கு வந்தவர்களில் பலர் கேரியை நேரில் அறியாதவர்கள். சொத்துப் பத்திரத்தைக் கேட்டார்கள், நிர்வாகத்தில் பங்கு கேட்டார்கள். செராம்பூர்க்காரர்களுக்கு அது சந்தேகமாகப் பட்டது. வருத்தம் வளர்ந்து 1827-இல் செராம்பூரும் சங்கமும் பிரிந்தன. மறுபடி சேர்ந்தது 1837-இல். கேரி அதைப் பார்க்கவில்லை, 1834-இலேயே போய்விட்டார். கேட்டவர்களும் கெட்டவர்கள் அல்லர், மறுத்தவர்களும் கெட்டவர்கள் அல்லர். ஒரு நல்ல செயலரின் தலைக்குள் இருந்தது அவரோடு புதைந்துபோனதால் வந்த வினை அது.

ஆகவே இறங்கப்போகிறவருக்கு முதல் வேலை, தலைக்குள் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது. ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். முக்கியமாக வாய்மொழி வாக்குறுதிகள். "உங்கள் கிராமத்துச் சபைக்குக் கூரை போட அடுத்த வருஷம் ஐம்பதாயிரம் தருகிறோம்" என்று எங்கோ ஒரு கன்வென்ஷன் பந்தலில் சொல்லியிருப்பார். தீர்மானம் இருக்காது. கேட்டவர் மறக்க மாட்டார். அதை எழுதிக் கூட்டத்தின் முன் வைத்து, ஏற்கிறீர்களா இல்லையா என்று கேட்டுவிட்டுப் போவதுதான் நியாயம். கட்டட நிதி, மிஷனரி நிதி என்று பெயர் சொல்லி வாங்கிய காணிக்கையையும் அப்படியே தனித்தனியாக எழுத வேண்டும். வங்கியில் எல்லாம் ஒரே கணக்கில் கிடக்கும். இருப்பு நான்கு லட்சம் என்று பார்க்கிற புதியவர், அதில் மூன்றரை லட்சம் தொடக்கூடாத பணம் என்று அறியாமல் சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்.

அடுத்தது மினிட்ஸ் புத்தகம். இதில் பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. ஒரு கூட்டத்தின் குறிப்பு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு ஒப்புதலாகும். அப்படியானால் தலைவரின் கடைசிக் கூட்டக் குறிப்புக்குக் கையெழுத்து யார் போடுவது? புதிய தலைவர் அந்த நாற்காலியில் அன்று இருந்தவர் அல்ல. பழையவர் இனி தலைவர் அல்ல. தேர்தல் முடிவு பதிவாகியிருப்பதும் அதே பக்கத்தில்தான். சண்டை வந்தால் வக்கீல் முதலில் புரட்டுகிற பக்கம் அது. வழி எளிது: கடைசிக் கூட்டத்தைக் கால் மணி நேரம் நீட்டி, தீர்மானங்களை அங்கேயே எழுதி, வாசித்து, ஒப்புதல் வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை.

அந்தத் தீர்மானத்தின் நகல்தான் வங்கிக்கும் வேண்டும். புதியவர்களின் மாதிரிக் கையெழுத்து, ஆதார், பான், புகைப்படம் எல்லாம் கொடுத்து மாற்றம் முடியச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அந்த இடைவெளிக்கென்று பழையவர் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் நம்மூர் வழக்கம். அன்பில் செய்வதுதான், ஆனாலும் தவறு. பதவியில் இல்லாதவரின் பெயரில், அவர் பார்க்காத செலவு போகும். மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்து, மூவரின் காலமும் ஒரே நாளில் முடியாதபடி விதியில் ஏற்பாடு செய்துவிட்டால் இந்த அவஸ்தையே வராது. நெட்பேங்கிங் எண், வருமான வரித் தளத்தில் பதிந்த எண், சபையின் யூடியூப் சேனல் எந்த ஜிமெயிலில் இருக்கிறது என்பது, இவற்றைக் கூட்டத்துக்கு முந்தின வாரமே மாற்றத் தொடங்கலாம். சபைக்கென்று ஒரு சிம் வாங்கி அலுவலகப் பீரோவில் வைத்தால் மிச்சத் தொல்லையும் குறையும். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த அமைப்பானால், குழு மாறியதை மூன்று மாதத்துக்குள் படிவம் 7-இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இது தவறினால் பதிவேட்டில் பழையவர்களே நிர்வாகிகளாக நிற்பார்கள்.

பதவிக்காலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் பாப்டிஸ்ட்டுகளுக்குள் ஒரே வழக்கம் இல்லை. பாப்டிஸ்ட் உலகக் கூட்டமைப்பின் தலைவருக்கு ஐந்து ஆண்டுகள். பிரிட்டன் பாப்டிஸ்ட் யூனியனில் தலைவருக்கு ஒரே ஆண்டு; பொதுச் செயலர் பல ஆண்டுகள் தொடர்வார். தலைவர் சீக்கிரம் மாறுகிற இடத்தில் நிஜ அதிகாரம் செயலரின் மேசைக்குப் போய்விடும் என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவின் தென் மாநில பாப்டிஸ்ட் கன்வென்ஷனில் ஓராண்டு, தொடர்ந்து இரண்டு முறை வரை. குறுகிய காலம்தான். ஆனால் அந்தத் தலைவர் நியமிக்கிற குழு இன்னொரு குழுவை முன்மொழிகிறது, அது போதகர்களைப் பயிற்றுவிக்கும் செமினரிகளுக்கும் மிஷன் போர்டுகளுக்கும் அறங்காவலர்களை முன்மொழிகிறது. 1979-இலிருந்து அங்கே ஒரு தரப்பு தொடர்ந்து தலைவர் தேர்தலில் ஜெயித்தே, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களின் போக்கையும் மாற்றியது. எனவே இறங்குகிறவர் கடைசி மாதத்தில் போடுகிற நியமனங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அவரே அப்படிப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தவர் யார் என்று கைகாட்டுவதும் இதே ரகம். முன்மொழிவுக் குழுவில் இறங்கும் தலைவர் உட்காரக்கூடாது.

பைபிளில் தீர்க்கதரிசி சாமுவேல் வயதாகி ஒதுங்கும்போது இஸ்ரவேலர் எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்: யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினேன்? ஜனங்கள் பதில் சொன்னார்கள். அது சாட்சியாகப் பதிந்தது. தணிக்கை அறிக்கையைச் சால்வைக்கு முன்னால் வாசிக்கச் சொல்வதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி வேண்டாம்.

பிறகு மூன்று மாதம் தொலைபேசி அடிக்கும். "ஐயா, நீங்கள் இருந்தபோது இப்படி இல்லையே" என்பார்கள். பத்திரம் எந்த லாக்கரில் என்று புதிய செயலர் கேட்டால் பதில் சொல்லலாம். மற்றவர்களுக்கு ஒரே பதில், செயலரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு சபைக்குள் நுழையும்போது பழக்கத்தில் கால் முன்வரிசைக்குப் போகும். நடுவில் தூணுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். ஃபேன் காற்று அங்கேயும் வரும்.

வணக்கம்.