மாத்திரையை எண்ணிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் முதியோர் இல்லத்தில் அப்பாவையோ அம்மாவையோ சேர்த்திருப்பவர்களும், அங்கே வேலை பார்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இல்லத்துக்கு அரசு ஆய்வு வரும்போது அதன் மருத்துவப் பொறுப்பாளரான டாக்டருக்கு என்ன வேலை என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆய்வு வருகிறது என்றதும் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், படுக்கைக்குப் புது விரிப்பு போடுவார்கள். டாக்டர் ஒரே உட்காரலில் மூன்று மாதக் கையெழுத்தையும் போட்டுவிடுவார். தொண்ணூறு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு! பழகிய கண்ணுக்கு இது உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும் செவிலியர் பராமரிப்பு இல்லங்களுக்கு இப்படி ஒரு பொறுப்பு டாக்டர், அதாவது மருத்துவ இயக்குநர், வேண்டும் என்பது 1974-லேயே விதியாகிவிட்டது. ஆய்வுக் குழு அங்கே சொல்லிக்கொண்டு வராது. இரண்டு ஆய்வுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் விடவும் மாட்டார்கள். நம் நாட்டில் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. சட்டம் எதுவானாலும், யாரும் வராத நாளில் டாக்டர் என்ன பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பெட்டி. ஒவ்வொரு முறை வரும்போதும் முன்கூட்டிச் சொல்லாமல் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். டாக்டர் எழுதிய தாள், சிஸ்டர் கையெழுத்திடும் மருந்து அட்டை, பெட்டியில் இருக்கும் மாத்திரை, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

கணக்கு சுலபம்தான். ஒரு தாத்தாவுக்கு 1-ஆம் தேதி காலை 60 மாத்திரை வந்தது, நாளுக்கு இரண்டு. 12-ஆம் தேதி காலை வேளைக்கு முன் எண்ணினால் 22 போய் 38 இருக்க வேண்டும். 41 இருந்தால் மூன்று வேளை கொடுக்கவில்லை, ஆனால் அட்டையில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கும். 35 இருந்தால் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு மருந்து தீர்ந்துபோய், இவர் பெட்டியிலிருந்து எடுத்திருக்கலாம். கொடுக்காத வேளைக்கும் கையெழுத்து இருப்பது, ஷிப்ட் முடிகிற அவசரத்தில் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மாத்திரை கொடுக்கப் போவதால் வருகிற வினை. விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. கொடுக்க முடியவில்லையா, கட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, 'தூங்குகிறார்', 'வாந்தி', 'மருந்து இல்லை' என்று காரணம் எழுத வேண்டும். அப்படி எழுதிய சிஸ்டரைத் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் வட்டமே இருக்காது, எல்லாம் கையெழுத்தாகவே இருக்கும்.

கோவை ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியவர்களின் பெட்டியை அன்றே பிரித்துப் பாருங்கள். அங்கே எழுதிய புது மாத்திரைக்கும் இங்கே ஏற்கெனவே ஓடும் மாத்திரைக்கும் பெயர்தான் வேறாக இருக்கும். மாத்திரைப் பட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் பார்த்தால் இரண்டிலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அதே ஆம்லோடிபின். இரட்டை மருந்து போய் ரத்த அழுத்தம் இறங்கி, ராத்திரி கழிவறைக்குப் போகும்போது விழுவார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மறுபடியும் சொல்கிறேன், எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது முதுகு. நம் ஊர்க் குளிருக்கு உள்ளே பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் கம்பளி. டிசம்பர், ஜனவரியில் குளியல் வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிடும், படுக்கைப்புண் உள்ளேயே வளரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதோடு, தினமும் ஸ்வெட்டரை விலக்கி முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அழுத்தி எடுத்தபின் வெளுக்காத சிவப்புதான் முதல் அடையாளம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டிப்பையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் ஓடுகிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊட்டிக் குளிரே போதும் என்று ஜன்னலோரம் வைத்தால் உறைபனி இரவில் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

முடிக்கச் சொல்கிறார்கள், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூடிய அறைக்குள் கரி அடுப்போ கணப்போ வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அந்த வாயுவால் ஆள் மயங்கிக் கிடந்தாலும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி எல்லாம் சரி என்றே காட்டும். கருவியை நம்பி உட்காராமல் கதவைத் திறந்து ஆளை வெளியே தூக்குங்கள், உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். வணக்கம்.