கெல்ம்ஸ்காட் ஊர்க்கூடம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேற்கு ஓரம், தேம்ஸ் ஆறு இன்னும் சிறிதாக ஓடும் இடத்தில், கெல்ம்ஸ்காட் என்றொரு குக்கிராமம். அங்குள்ள சமுதாயக் கூடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சமுதாயக் கூடத்தில் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? அது யார் நினைவாக எழுந்தது என்று பாருங்கள்.

சுவர்த்தாள், துணி வடிவங்களால் பேர்போன வில்லியம் மாரிஸ், 1871இலிருந்து 1896இல் இறக்கும்வரை இவ்வூரில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு வைத்திருந்தார். புதுப்பிக்கிறேன் என்று பழைய கட்டடங்களைச் சுரண்டிப் பாழாக்குவதை எதிர்த்து 1877இல் சங்கமே தொடங்கியவர். அவருக்குப் போய் பளிங்கும் தூணுமாக மண்டபம் எழுப்ப முடியுமா? மகள் மே மாரிஸ் நிதி திரட்டி, ஊரார் கூடிக்கொள்ள ஒரு கூடம் கட்டவைத்தார்.

கூடத்தின் வரைபடம் போட்டவர் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுவர், அதன்மேல் கல் ஓட்டுக் கூரை. அந்த ஓட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில், அதே ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு பக்கம் தோண்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலம் முழுக்க வெளியே போட்டுவிடுவார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, கல் தானே தகடு தகடாகப் பிரியும். அதில் துளையிட்டு, மர ஆணி செருகி, ரீப்பரில் மாட்டுவதுதான் வழக்கம். பெரிய ஓடு இறவாரத்தில்; முகட்டை நோக்கிப் போகப்போகச் சிறியது. மழைநீர் மிகுதியாகச் சேர்வதும், பாரத்தைச் சுவர் வாங்குவதும் கீழேதானே! ஓடுகள் சமமாக இராது, தண்ணீர் தேங்கினால் ஒழுகும். அதனால்தான் அத்தனை சரிவு. தன் வீட்டுக் கூரையின் இந்த வரிசையை மீன் செதிலுக்கும் பறவை இறகுக்கும் ஒப்பிட்டு மகிழ்ந்தவர் மாரிஸ்.

கிம்சன் 1919இலேயே காலமாகிவிட்டார். கூடம் திறந்தது 1934இல். திறந்துவைத்தவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. அன்றைய பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் வந்திருந்தார்.

எனக்கென்னவோ கூடத்தைவிட, அதே ஊரில் அதற்கு முன்பே எழுந்த இரட்டைக் குடில்கள்மீதுதான் கண். மாரிஸின் மனைவி ஜேன் 1902இல் கட்டவைத்தவை. வரைபடம் போட்டவர் மாரிஸின் நண்பரான கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இரண்டு குடும்பங்கள் வாழ ஏற்ற வீடு. முகப்பில் ஜார்ஜ் ஜாக் செதுக்கிய ஒரு சிற்பப் பலகை. மரத்தடியில் மாரிஸ் உட்கார்ந்திருக்கிறார், தொப்பி கழற்றிப் பக்கத்தில் கிடக்கிறது. பீடமும் இல்லை, மாலையும் இல்லை.

மாரிஸ் வாழ்ந்த வீடு குறித்த நாட்களில்தான் பார்வைக்குத் திறக்கும். குடில்களையும் கூடத்தையும் பார்க்க அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். தெருவில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.