நம் தலைக்கு மேல் உருவாகும் ஓசோன் எங்கே போகிறது?

வணக்கம் மக்களே! உலகத்தின் ஓசோன் பெரும்பகுதி எங்கே உருவாகிறது தெரியுமா? வெப்பமண்டலத்துக்கு மேலே, 30 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில். தருமபுரி, கிருஷ்ணகிரி வானமும் அதில் சேர்த்தி. ஆனால் அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஓசோன் குறைவாக இருப்பதும் நம் பக்கம்தான்! எப்படி?

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் டாப்சன் என்பவர் 1920களில் ஒரு கருவி செய்தார். ஓசோன் அதிகம் உறிஞ்சும் புற ஊதாக் கதிர் ஒன்று, குறைவாக உறிஞ்சும் கதிர் ஒன்று, இரண்டும் தரைக்கு எவ்வளவு வருகின்றன என்று அது ஒப்பிடும். கொடைக்கானலிலும் 1950களிலிருந்து இதே கருவியால் அளந்தார்கள். அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டையை 1985இல் உலகுக்குச் சொன்னதும் இதே கருவியின் அளவுகள்தான்.

மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்கு இறக்கிப் பரப்பினால் எவ்வளவு தடிமன் வரும்? உலக சராசரி 3 மில்லிமீட்டர். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கின உயரம், அவ்வளவுதான்! நம் பக்கம் அதையும் விடக் குறைவு.

சரி, நம் பங்கு எங்கே போனது? எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரூவர் என்பவர் இங்கிலாந்துக்கு மேலே விமானத்தில் பறந்து காற்றின் ஈரத்தை அளந்தார். ஒரு உலோகத் துண்டைக் குளிர்வித்துக்கொண்டே போய், எந்த வெப்பநிலையில் அதில் பனி படிகிறது என்று பார்ப்பதுதான் முறை. அந்த உயரத்துக் காற்று நம்ப முடியாத அளவு வறண்டிருந்தது. இங்கிலாந்தின் வானத்தில் அவ்வளவு குளிர் கிடையாது. அப்படியானால் ஈரத்தை உறைய வைத்து வடிகட்டியது எந்த இடம்? வெப்பமண்டலம்! நமக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டரில் மைனஸ் 80 டிகிரி. காற்று இங்கே ஏறி, ஈரத்தை உதறிவிட்டு, துருவங்களை நோக்கி நகர்ந்து அங்கே இறங்குகிறது. போகிற வழியில் நம் ஓசோனையும் அள்ளிக்கொண்டு போகிறது. துளியூண்டு நீராவியை அளந்து உலகக் காற்றின் பாதையையே கண்டுபிடித்திருக்கிறார், மக்களே! இதைப் பள்ளிப் பாடத்தில் கட்டாயம் வைக்க வேண்டும். ஆமாம் என்பவர்கள் ஒரு லைக் போடுங்கள்.

நமக்கு இதனால் என்ன? சித்திரை இரண்டாவது வாரத்தில் தருமபுரியில் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். மேலே ஓசோனும் குறைவு. வெயிலில் புற ஊதாக் கதிர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் எண்தான் புற ஊதாக் குறியீடு. மேகமில்லாத நண்பகலில் அது 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. மாந்தோப்பில் காய் பறிப்பவர்களும் கல் குவாரியில் வேலை செய்பவர்களும் அந்த வெயிலில்தான் நிற்கிறார்கள். போனில் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் இந்த எண் இருக்கும். உங்கள் ஊரில் இன்று நண்பகல் எவ்வளவு? ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள்.