எட்டுத் தந்தியும் ச-ப-ச-பவும்

வணக்கம் நேயர்களே. மாண்டலின் என்றதும் நம் காதில் ஸ்ரீநிவாஸ்தான் ஒலிப்பார். அதே வாத்தியத்தை அமெரிக்கக் கிராமங்களில் வேறு விதமாக ஓட விடுகிறார்கள். ப்ளூகிராஸ் என்று பெயர். நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நாலு ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 8 ஸ்வரம் கையில் விழ வேண்டும்!

இந்த இசைக்குத் தகப்பன் என்று சொல்லப்படுபவர் பில் மன்ரோ. 1911இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர், வீட்டில் கடைக்குட்டி. அண்ணன்மார் ஃபிடிலையும் (அங்கே வயலினுக்கு அந்தப் பெயர்) கிதாரையும் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த மாண்டலின் இவருக்கு வந்தது. அதில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி. சத்தம் கூடிவிடும், நாலு தந்தி போதும் என்று அண்ணன்மார் சொல்லிவிட்டார்களாம். ஜோடிக்கு ஒன்று! சின்னப் பையன், பாதி வாத்தியம். இந்தக் கதை எனக்கு அலுப்பதே இல்லை. ஏனென்றால் அதே பையன் பெரியவராகி, 1953இல் 'கெட் அப் ஜான்' என்ற மெட்டைப் பதிவு செய்தபோது, ஜோடியாக ஒரே ஸ்வரம் பேச வேண்டிய தந்திகளைப் பிரித்து வைத்தார். மேல்நாட்டு இசையில் டி என்று எழுதும் ஸ்வரத்தை ஷட்ஜமமாக, அதாவது ச-வாக, வைத்துச் சொல்கிறேன்: அடி ஜோடியில் ஒன்று அந்தர காந்தாரம், மற்றது பஞ்சமம். மேல் ஜோடியில் ஒன்று பஞ்சமம், மற்றது ஷட்ஜமம். இடது கை தொடவே வேண்டாம், எட்டையும் ஒரு தடவு தடவினால் வீடே ஸ்ருதியில் நிறைந்துவிடும்.

சரி, எதற்காக இப்படி மாற்ற வேண்டும்? வேகத்துக்காக. வேண்டிய ஸ்வரத்தை விரல் வைக்காத தந்தியே தந்துவிட்டால், இடது கைக்கு அந்த நேரம் மிச்சம்.

இப்படித் தந்தியின் ஸ்ருதியை மாற்றி வைக்கும் பழக்கம் ஃபிடில்காரர்களிடம் முன்பே உண்டு. மன்ரோவும் சிறுவயதில், ஃபிடில் வாசித்த தன் தாய்மாமன் பென் வாண்டிவருக்குக் கிதார் வாசித்துத்தான் வளர்ந்தார். மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் ஒரே ஸ்ருதிதான், கீழிருந்து மேலாக: ஜி, டி, ஏ, ஈ. கீழ் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் ஏ, ஈ, ஏ, ஈ. நம் வயலின் வித்வான் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், "அட, இது எங்கள் ச-ப-ச-ப அல்லவா!" என்பார். அதேதான். மேல் இரண்டு தந்தியில் பழகிய விரல் வரிசையைக் கீழ் இரண்டில் அப்படியே வைத்தால், அதே மெட்டு ஒரு ஸ்தாயி கீழே பேசும். ஒரு தடவை பழகினால் இரண்டு இடத்தில் வாசிக்கலாம். திரும்பவும் சொல்கிறேன், வேகம் இங்கேதான் பிறக்கிறது.

பிக், அதாவது தந்தியை மீட்டும் சின்னத் தகடு, பிடிக்கும் கையைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். தந்தியை மேலே ஏற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், அவசரப்பட்டால் அறுந்துவிடும். எட்டையும் ஸ்ருதி சேர்த்து முடித்த பிறகு, முதலில் சேர்த்ததை மறுபடி கேட்டுப் பாருங்கள். அது இறங்கியிருக்கும். வணக்கம்.