பெரியப்பாவின் ரத்தக் கல்ச்சர் தாள்

வணக்கம். ரங்கூனில் இருந்து பேசுகிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் இந்தத் தாளைப் பாருங்கள், பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு இது. பெரியப்பா இதை எட்டாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. ஆனால் கிருமியின் பெயர் இருக்கும் இந்த வரி நன்றாகத் தெரிகிறது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ்.

மூன்று வாரமாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல். மலேரியாவா, டைஃபாய்டா என்று நாங்களே பேசிக்கொண்டு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். அது பெரிய தப்பு. ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் அப்புறம் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். எங்கள் நல்ல நேரம், வளர்ந்தது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவில் இதய வால்விலும் தொற்று தெரிந்தது. நான்கு வாரம் ஊசி.

காய்ச்சல் இறங்கியதும், "கொலனோஸ்கோபியும் செய்துவிடலாம்" என்றார் டாக்டர். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் அது. பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நெஞ்சில் கோளாறு என்றால் வயிற்றைக் குடைவானேன்?" மலத்தில் ரத்தம் இல்லை, எடையும் குறையவில்லை. வீண் செலவு என்றுதான் எனக்கும் பட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கிருமி சிலருடைய குடலில் சும்மா கிடப்பதுதான். குடலின் உட்சுவர் வேலி மாதிரி அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் வேலி பிய்கிறது. கொலாஜன் என்ற நாரில் இந்தக் கிருமி நன்றாகப் பற்றும். அப்படிக் கட்டியில் பற்றி, ரத்தத்தில் இறங்கி, இதய வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது புதுச் செய்தியும் இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பழைய பெயரில் 1977-லேயே அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் கிருமிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார்கள். 2018-ல் வெளியான ஹாங்காங் ஆய்வு, ரத்தத் தொற்று வந்த 13,000-க்கும் அதிகமானவர்களின் பதிவுகளைப் பார்த்தது. பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ், ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் போன்ற கிருமிகளுக்கும் பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்பு தெரிந்தது.

ரத்தத்தில் கிருமி என்றாலே புற்றுநோய் என்று தயவுசெய்து பயந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றில் இருந்து ஈ.கோலை ரத்தத்துக்கு வருவது சர்வ சாதாரணம். எந்தக் கிருமி என்பதுதான் இங்கே முக்கியம். வீட்டில் யாருக்காவது கல்ச்சர் எடுத்தால் கிருமியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். குடலையும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, பெரியப்பா விஷயம். முதல் நாள் சாயங்காலம் பேதி மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளர் டம்ளராகக் குடித்தார். மறுநாள் பெருங்குடலின் வலப்பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்தது. கம்பி வளையம் மாட்டி அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்த பயாப்சியில் இன்னும் புற்றாகவில்லை என்று வந்தது. அந்தத் தாளும் இப்போது அதே சட்டைப் பையில்தான் இருக்கிறது.