நின்னுட்டு சூடேற வேண்டாம், நகர்ந்து சூடேறட்டும்

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி அண்ணன்களுக்கும், வண்டிக்கு பொட்டு வெச்ச கையோட அப்படியே ஸ்டாண்டுல வந்து உக்காந்திருக்கற டிரைவருங்க எல்லாருக்கும் ஆயுத பூஜை வணக்கமுங்க. காலைல கார ஸ்டார்ட் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் நிறுத்தி சூடாக்கிட்டு தான் எடுக்கணுமா, இல்ல உடனே எடுத்து மெதுவா ஓட்டணுமா, இது தான் தலைப்பு. நான் உடனே எடுக்க சொல்ற அணிங்க.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன், தூங்கி எழுந்த புள்ளைய அப்படியே ஓட விடுவீங்களான்னு கேட்டாரு, கைதட்டும் நல்லா விழுந்துச்சு. ஓட விட மாட்டேங்கண்ணா, நடக்க விடுவேன். கிரவுண்டுக்கு போற பையன் ஓடறதுக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்கிட்டா இருக்கான், மெதுவா ஒரு ரவுண்டு போறான், அதுல தான ஒடம்பு சூடேறுது. நாங்க சொல்றதும் அதே தான், மொத ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆக்சிலேட்டர அழுத்தாம போங்க, வார்ம் அப்புங்கறது அது தாங்க.

இந்த பழக்கம் வந்ததுல தப்பே இல்ல, அத மொதல்ல ஒத்துக்கறேன். அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் கார்பரேட்டர் வண்டி, காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பறது அது தான். எஞ்சின் சில்லுன்னு இருந்தா பெட்ரோல் ஆவியாகாது, போற வழில செவுத்துல துளி துளியா ஒட்டிக்கும், அதுக்குத்தான் சோக்க இழுத்து காத்த கொறைச்சு பெட்ரோல அதிகமா குடுப்போம். சூடேறாம எடுத்தா குலுங்கும், நாலு ரோட்டு நடுவுல போய் ஆஃப் ஆகும். எனக்கு தொழில் கத்துக்குடுத்தவரு "பொறுடா, சோக் உள்ள போகட்டும்"னு தான் சொல்லுவாரு, அந்த வண்டிக்கு அது சரி. ஆனா 2000 வாக்குல புகை சட்டம் இறுகுனப்போ கார்கள்ல கார்பரேட்டர் போய் பெட்ரோல அளந்து பீச்சற இன்ஜெக்டர் வந்துடுச்சு. இப்ப எஞ்சின் தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு சென்சார் சொல்லுது, அதுக்கு தகுந்த மாதிரி கம்ப்யூட்டரே பெட்ரோல கூட்டி கொறைக்குது. காலைல ஸ்டார்ட் பண்ணதும் எஞ்சின் சுத்தற வேகம், அந்த ஆர்பிஎம் 1200, 1500ன்னு ஏறி நின்னு அப்புறம் 800க்கு எறங்குதுல்ல, நீங்க கையால இழுத்த சோக்க அது தானா இழுத்து விடுது. சோக்கு போயிடுச்சு, காத்திருக்கறது மட்டும் போகல.

ஆயில் மேல ஏற நேரம் வேணும்னு ரெண்டாவதா பேசின அண்ணன் சொன்னாரு. நல்ல கேள்வி. டேஷ்போர்டுல சிவப்பா ஆயில் லைட்டு எத்தன நேரம் எரியுது? ஒன்னு ரெண்டு செகண்டு. அது அணைஞ்சா பிரஷர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு அர நிமிஷம் குடுங்க, பெல்ட்டு மாட்டி கண்ணாடிய பாக்கறதுக்குள்ள அது முடிஞ்சிரும். அப்ப ஊத்துனது 20டபிள்யூ50, கெட்டி ஆயிலு. இப்ப 5டபிள்யூ30, 0டபிள்யூ20. அந்த டபிள்யூ, விண்டருங்க. பனி பெய்யற நாட்டுலயே ஓடற ஆயில ஊத்திட்டு, மார்கழி விடியக்காலைலயும் 18, 20 டிகிரி இருக்கற நம்ம கோயமுத்தூர்ல எதுக்கு பத்து நிமிஷம் நிக்கணும்?

நின்னா சும்மா கூட இல்லைங்க, கெடுதல். ஐடில்ல, அதாவது நின்ன எடத்துலயே ஓடறப்ப, எஞ்சினுக்கு வேலை இல்ல, வேலை இல்லாம சூடு சீக்கிரம் ஏறாது. அது வரைக்கும் அதிகப்படி பெட்ரோல், பிஸ்டன் ஏறி எறங்கற போர் செவுத்துல இருக்கற ஆயில கழுவி விட்டுட்டு, பிஸ்டன் ரிங் வழியா அடில ஆயில் நிக்கற சம்புக்கு எறங்கும். என் ஷாப்புக்கு ஒரு வண்டி வந்துச்சு, ஓனர் ரொம்ப பாசமா வெச்சிருக்கறவரு, தினமும் கால் மணி நேரம் ஓட விட்டுட்டு புள்ளைய ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற ஸ்கூல்ல எறக்கிட்டு வந்துருவாரு, அவ்வளவு தான் ஓட்டமே. பிளக்கு நாலும் கரி. ஆயில் ஸ்டிக்க உருவுனா மார்க்குக்கு மேல நிக்குது, மோந்து பாத்தா பெட்ரோல் வாசம். அந்த மனுஷன் மொகத்த பாத்து எனக்கு பேச்சே வரல, வண்டி நல்லா இருக்கணும்னு தான பண்ணாரு.

இன்னொன்னு, நின்னுட்டு சூடேத்துனா எஞ்சின் மட்டும் தான் சூடேறும். கியர் ஆயில், வீல் பேரிங், டயரு எல்லாம் உருண்டா தான் சூடேறும். சூடேறாம ரைஸ் பண்றது தான் எதிரி, அதுவும் டர்போ வண்டில.

லாரிக்காரங்க நிறுத்தி ஓட விடறாங்களேன்னு கேப்பீங்க. அது ஏர் ஏறறதுக்குங்க, டேங்குல காத்து இல்லாம பிரேக்க விட முடியாது, அது அவங்க உசுரு. டீசல் காருக்கு ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டேஷ்போர்டுல எரியற காயில் லைட்டு அணையற வரைக்கும் நில்லுங்க, ஊட்டில உறைபனி நாள்ல கண்ணாடி தெளியற வரைக்கும் நில்லுங்க, இதுக்கெல்லாம் நான் குறுக்க வரல.

சின்ன கார் கூட ஐடில்ல ஒரு மணி நேரத்துக்கு அர லிட்டருக்கு மேல குடிக்கும். தினம் பத்து நிமிஷம்னா வருஷத்துக்கு 30 லிட்டர தாண்டுது. பணம் கூட போகட்டும் ஐயா. எங்க அம்மாவுக்கு வீசிங். நாங்க கிரவுண்ட் ஃப்ளோர், ஜன்னலுக்கு நேரா பார்க்கிங். சைலன்சர்ல புகைய சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் ஒரு 250, 300 டிகிரி சூடானா தான் ஒழுங்கா வேலை செய்யும், அதனால ஸ்டார்ட் பண்ண மொத சில நிமிஷப் புகை தான் மோசமான புகை, அது அப்படியே உள்ள வரும். சித்திரை வெயில்லயும் அந்தம்மா காலைல ஆறரைக்கு ஜன்னல சாத்திட்டு உக்காந்திருக்கும். அங்க நிறுத்தி சூடேத்தற வண்டிக்காரர் கெட்டவரு இல்ல, அவரு அப்பா சொல்லிக்குடுத்தத பண்றாரு. நான் போய் எடுத்து சொன்ன மறுநாள்ல இருந்து ஸ்டார்ட் பண்ணதும் கேட்டுக்கு வெளிய போயிடறாரு.

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒன்னே ஒன்னு. ஷட்டர் போட்ட செட்டுக்குள்ள தயவுசெஞ்சு யாரும் வண்டிய ஓட விட்டுட்டு நிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கெடையாது நிறமும் கெடையாது, மயக்கம் வர்றதே தெரியாது. மொதல்ல ஷட்டர தூக்குங்க, அப்புறம் சாவிய திருப்புங்க, திருப்புன உடனே வண்டிய வெளிய எடுங்க. நன்றிங்க.