ஒரு விளக்கு, ஒரு பொத்தான்: மைக்ரோகண்ட்ரோலருக்குச் சி மொழியில் நிரல் எழுதுதல்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வருகிற நாட்களில், டார்ச் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்துபோய் மோட்டாரைப் போட்டுவிட்டு வரும் விவசாயிகளை மேலூர் வட்டாரத்தில் இன்றும் காணலாம். மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே இயக்கி, கிணற்றில் நீர் இறங்கியதும் தானே நிறுத்திவிடும் சிறு பெட்டிகளைச் செய்து கொடுப்பது என் தொழில். அந்தப் பெட்டிக்குள் இருந்து முடிவெடுப்பது விரல் நீளமுள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அதாவது ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணினி. அதற்குரிய நிரலைச் சி மொழியில் எழுதுகிறேன். இதைக் கற்க விரும்பி என்னிடம் வரும் மாணவர்கள் பலரும் முதல் நாளே ரோபோ செய்யவேண்டும், கைபேசியிலிருந்து மோட்டாரை இயக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். ஒரு சிறு விளக்கையும் ஒரு பொத்தானையும் கொடுத்து, இவ்விரண்டையும் அடிவரை புரிந்துகொள்ளுங்கள் என்றே நான் அவர்களிடம் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இன்று விளக்குகிறேன்.

தொடங்குவதற்கு ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற பயிற்சிப் பலகை போதுமானது. அதிலுள்ள ஏ.டி.மெகா 328பி என்ற சில்லு எட்டு பிட் வகையைச் சேர்ந்தது. பிட் என்பது பூஜ்யம் அல்லது ஒன்று என்ற ஓர் இலக்கம்; இச்சில்லு ஒரு நேரத்தில் எட்டு பிட்டுகளைக் கையாளும். நிரலைச் சேமிக்க 32 கிலோபைட், நிரல் ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட், இவ்வளவுதான் அதன் முக்கிய நினைவகம். அந்தப் பலகையில் அது வினாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்புகளில் இயங்குகிறது. இதைவிடப் பலமடங்கு வலிமையுள்ள 32 பிட் சில்லுகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் முழுதாக மனத்தில் அடங்கக்கூடிய சிறிய சில்லில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதன் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் கையேடு, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது என்று அஞ்சவேண்டாம். உள்ளீட்டு, வெளியீட்டு முனைகளைப் பற்றிய ஓர் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படித்தால் முதல் மாதத்திற்குப் போதும்.

கணினியில் நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இங்கே புதிதாகத் தோன்றுவது, நினைவகத்தின் சில முகவரிகள் வெறும் எண்களைச் சேமிக்கும் இடங்களாக இல்லாமல், வெளிக் கம்பிகளை இணைக்கும் சில்லின் கால்களாகவே இருப்பதுதான். அந்த முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் வெளியே ஒரு கம்பியில் ஐந்து வோல்ட் வருகிறது. இத்தகைய இடத்தை ரெஜிஸ்டர் என்கிறோம். எட்டு சுவிட்சுகள் வரிசையாக உள்ள ஒரு சுவிட்ச் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்டரின் எட்டு பிட்டுகளும் அந்த எட்டு சுவிட்சுகள். ஊனோ பலகையில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ள சிறு விளக்கு, போர்ட் பி என்ற வரிசையில் ஐந்தாம் எண் பிட்டோடு இணைந்திருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் அது ஆறாவது சுவிட்ச். அதன் மதிப்பு 32.

முதலில் திசை ரெஜிஸ்டரில் அந்த பிட்டை ஒன்றாக்கி, இந்தக் கால் வெளியீட்டுக்கு என்று அறிவிக்கவேண்டும். பிறகு போர்ட் பி ரெஜிஸ்டரில் 32 என்று நேராக எழுதினால் விளக்கு எரியும். ஆனால் மற்ற ஏழு சுவிட்சுகளும் அணைந்துவிடும். அவற்றில் ஒன்றில் மோட்டாரின் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இருந்தால் மோட்டார் நின்றுவிடும். ஆகவே, ஏற்கெனவே உள்ள மதிப்போடு 32-ஐ 'அல்லது' என்ற செயலால் சேர்க்கவேண்டும். இரண்டு பிட்டுகளில் ஏதேனும் ஒன்று ஒன்றாக இருந்தாலே இதில் விடை ஒன்று. அப்போது அந்த ஒரு பிட் மட்டும் ஒன்றாகும், மற்றவை இருந்தபடியே இருக்கும். அணைப்பதற்கு 32-இன் பிட்டுகளைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி, 'மற்றும்' என்ற செயலால் சேர்க்கவேண்டும். இரண்டு பிட்டுகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இதில் விடை ஒன்று. வானொலியில் நிரலை எழுதிக் காட்ட இயலாது. ஆகவே தாளில் எட்டுக் கட்டங்கள் வரைந்து, இந்த இரண்டு செயல்களையும் பென்சிலால் செய்து பாருங்கள். என் மாணவர்களில் தாளில் செய்தவர்கள் பிற்பாடு இந்த இடத்தில் தவறியதில்லை.

அடுத்தது பொத்தான். பொத்தானின் ஒரு முனையைப் பலகையின் பூஜ்ய வோல்ட் கம்பியான தரைக் கம்பியிலும் மறுமுனையைச் சில்லின் காலிலும் இணைத்து, அந்தக் காலை ஐந்து வோல்ட் பக்கம் இழுத்துவைக்க சில்லுக்குள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடையை இயக்கிவிட்டால் வேறு உதிரிப்பொருள் தேவையில்லை. அப்போது பொத்தானை அழுத்தாதபோது ஒன்றும், அழுத்தும்போது பூஜ்யமும் கிடைக்கும். இது முதலில் தலைகீழாகத் தோன்றும். ஒரு வாரத்தில் பழகிவிடும். அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கூட்டும்படி நிரல் எழுதினால், ஒரே அழுத்தலுக்கு நான்கும் ஏழும் கூடுவதைக் காண்பீர்கள். சில்லில் பழுது இல்லை. பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடு ஒன்றோடொன்று சேரும்போது சில மில்லிவினாடிகளுக்குத் துள்ளுகிறது; நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளலை, இவ்வளவு வேகமாகப் பார்க்கும் சில்லு தனித்தனி அழுத்தல்களாக எண்ணுகிறது. முதல் மாற்றத்தைக் கண்டதும் 20 மில்லிவினாடி பொறுத்து மீண்டும் பார்த்தால் சரியாகிவிடும். கிணற்று நீர்மட்டத்தைச் சொல்லும் மிதவை சுவிட்சுக்கும் இதே பாடம்தான். நீர் அலைவதால் அங்கே இரண்டு மூன்று வினாடிகள் பொறுக்கவேண்டும்.

எண்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் முதல் பெட்டிகளுள் ஒன்றில், மின்சாரம் வந்தபின் ஒரு நிமிடம் பொறுத்து மோட்டாரை இயக்குமாறு எழுதியிருந்தேன். மேசையில் ஐந்து வினாடி வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது. வயலில் பொருத்திய மறுநாள் வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் வந்து, "விடிய விடிய மோட்டாரு ஓடவே இல்ல தம்பி, நாத்து வாடிப்போச்சு" என்றார். அறுபதை ஆயிரத்தால் பெருக்கி 60,000 மில்லிவினாடி என்று கொடுத்திருந்தேன். இந்தச் சில்லில் சாதாரண முழுஎண் 16 பிட் மட்டுமே. 32,767-க்கு மேல் அதில் கொள்ளாது. பெருக்கல் வழிந்து எதிர்ம எண்ணாகி, பிறகு எதிர்மம் என்பதே இல்லாத 32 பிட் குறியில்லா எண்ணாக மாறியபோது, காத்திருக்கவேண்டிய நேரம் 49 நாட்களுக்கும் மேலாகிவிட்டது. நிரலைச் சில்லுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பற்றி எச்சரித்திருந்தது; நான் படிக்கவில்லை. அறுபதுக்குப் பின்னால் யு, எல் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்ததும் அது சரியானது. அன்றுமுதல் எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் நிரலைச் சில்லில் ஏற்றுவதில்லை.

நினைவகச் சிக்கனமும் நம் மொழியோடு தொடர்புள்ளது. மதுரை என்ற சொல்லை யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் எழுதினால் 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏழு. 2 கிலோபைட்டுக்குள் தமிழ்ச் செய்திகளை நிறைய வைத்தால் மற்ற வேலைகளுக்கு இடமிருக்காது; ஆகவே மாறாத சொற்களை நிரல் நினைவகத்திலேயே வைக்கும் முறையைக் கற்கவேண்டும். மேலும், இரண்டு வரிகள் கொண்ட சாதாரண எல்.சி.டி. திரையில் தமிழ் எழுத்துகள் இல்லை. நாமாகப் புள்ளி வைத்து வரைந்துகொள்ள எட்டு எழுத்துகளுக்கு மட்டுமே இடமுண்டு. "நீர் இல்லை" என்ற செய்தியை அந்த எட்டுக்குள் வரைந்து முடித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஆங்கிலம் படிக்காத ஒருவர் தன் மோட்டார் பெட்டியைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறார் அல்லவா?

விளக்கும் பொத்தானும் கைவந்தபின் ரிலேயை இணைக்கலாம். ரிலேச் சுருளைச் சில்லின் காலில் நேராக மாட்டக்கூடாது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரான்சிஸ்டர் இடையிலும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு சுருளின் குறுக்கே தலைகீழாகவும் வேண்டும். சில்லு விழித்தெழும் கணத்தில் அதன் கால்களெல்லாம் உள்ளீடுகளாகவே இருக்கும். ஆகவே டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் பேஸ் முனையிலிருந்து தரைக் கம்பிக்கு 10 கிலோஓம் மின்தடை ஒன்று வைத்து, நிரல் சொல்லும்வரை மோட்டார் அசையாதபடி செய்யுங்கள். ரிலேக்கு அப்பால் உள்ள ஸ்டார்ட்டரையும் மும்முனைக் கம்பிகளையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் இணைக்கட்டும். நீங்கள் ஐந்து வோல்ட் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வணக்கம்.